பத்து சதவீதப் பொறுப்பு

2019 ஜூலை 19 அன்று நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இறுதித் தீர்ப்பு வழங்கியது. வழக்குத் தொடுத்தவர்கள் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் கணவனையும் மகனையும் உடன்பிறந்தவனையும் பறிகொடுத்த பெண்கள். ‘ஸ்ரெப்ரெனிட்சாவின் தாய்மார்கள்’ என்பது அவர்கள் அமைப்பின் பெயர். 1995 ஜூலையில் அந்த ஊர் ஐ.நா.வின் ‘பாதுகாப்புப் பகுதி’யாக இருந்தது. நீலத் தலைக்கவசம் அணிந்த டச்சு வீரர்கள் அங்கே காவல் இருந்தார்கள். ஜூலை 11 அன்று போஸ்னிய செர்பியப் படை ஊரைப் பிடித்தது. அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சுமார் 350 பேர் டச்சுப் படையின் முகாமுக்குள்ளேயே தஞ்சம் புகுந்திருந்தவர்கள். ஜூலை 13 அன்று அவர்களையும் வெளியேறச் சொன்னார்கள்.

அந்த 350 பேரின் மரணத்துக்கு நெதர்லாந்து அரசு எவ்வளவு பொறுப்பு? உச்ச நீதிமன்றம் சொன்ன விடை: 10 சதவீதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 30 சதவீதம் என்று சொல்லியிருந்தது. இது குறைத்தது. கணக்கின் அடிப்படை இதுதான்: முகாமிலேயே தங்கிவிடலாம் என்ற வாய்ப்பு அவர்களுக்குத் தரப்பட்டிருந்தால், செர்பியப் படையின் கையில் சிக்காமல் தப்பியிருக்க 10 சதவீத வாய்ப்பு இருந்தது. ஆகவே இழப்பீட்டிலும் அதே பங்கு. மீதிக்கு யார் பொறுப்பு? கொன்றவர்கள், சந்தேகமில்லை. காக்க வந்தவர்களில் வேறு யார்? ஐ.நா.வை விசாரிக்க வேண்டும் என்று அதே பெண்கள் கேட்டபோது, ஐ.நா.வுக்குச் சட்டவிலக்கு உண்டு, எந்த நாட்டு நீதிமன்றமும் அதை விசாரிக்க முடியாது என்று 2012இலேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டத்துக்குச் சதவீதம் தேவைப்படலாம். இழப்பீடு கணக்கிட அதற்கு ஏதோ ஓர் எண் வேண்டும். அந்த நீதிபதிகளைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அந்த எண் நம்முன் வைக்கும் ஒழுக்கக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலர் சேர்ந்து ஒருத்தியைக் காப்பதாக வாக்குக் கொடுக்கிறார்கள். பிறகு காக்கத் தவறுகிறார்கள். அப்போது அந்தப் பொறுப்பு அவர்களுக்குள் பங்கு பிரிபடுமா? அல்லது ஒவ்வொருவர் தலையிலும் முழுசாக நிற்குமா?

இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் ஒரு பழைய விடை இருக்கிறது. நான்கு மகன்கள் உள்ள வீட்டில் வயதான தாய்க்கு முறைவைத்துச் சோறு. இந்த மாதம் மூத்தவன், அடுத்த மாதம் இரண்டாமவன். முறை மாறுகிற நாளில் அவள் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்வது என்பது எப்போதும் சிக்கல்தான். நான்கு பேருமே தங்கள் பங்கைச் சரியாகச் செய்ததாகச் சத்தியம் செய்வார்கள். அது பொய்யாகவும் இருக்காது. ஆனாலும் அவள் பட்டினி கிடந்த நாள் உண்மை. பங்குகளைக் கூட்டினால் முழுமை வந்துவிடும் என்பது கணிதம். காப்பாற்றுதலில் அந்தக் கணிதம் செல்லாது. பங்குக்கும் பங்குக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. காக்கப்பட வேண்டியவள் அந்த இடைவெளியில்தான் நிற்கிறாள்.

பன்னாட்டு அமைதிகாப்புப் படை என்பது இப்படிப்பட்ட இடைவெளிகள் கட்டமைப்பிலேயே வைத்துத் தைக்கப்பட்ட ஏற்பாடு. ஐ.நா.வுக்குச் சொந்தமாகப் படை கிடையாது. பாதுகாப்பு அவை தீர்மானம் நிறைவேற்றும். உறுப்பு நாடுகள் படை அனுப்பும். பல நாட்டுப் படைப்பிரிவுகளுக்கு மேலே ஐ.நா. ஒரு தளபதியை நியமிக்கும். எங்கே ரோந்து போவது, எந்த முகாமைக் காப்பது என்று அவர் உத்தரவிடலாம். ஆனால் வீரனின் சம்பளம், பதவி உயர்வு, தண்டனை எல்லாம் அவன் சொந்த நாட்டின் கையில். குற்றம் செய்தாலும் அவனை விசாரிக்கும் உரிமை அவனை அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே. எனவே ஆபத்தான உத்தரவு ஒன்று வரும்போது, படைப்பிரிவின் தலைவர் முதலில் தன் தலைநகரத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறார். ‘இரவில் ரோந்து போகக் கூடாது’, ‘இந்த எல்லையைத் தாண்டக் கூடாது’ என்று அனுப்பும்போதே நிபந்தனை விதிக்கிற நாடுகளும் உண்டு. சில நிபந்தனைகள் எழுத்தில் இருக்கும். பல, நெருக்கடி வரும் நாளில்தான் தளபதிக்கே தெரியவரும்.

ஸ்ரெப்ரெனிட்சாவில் இந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று பாருங்கள். ‘பாதுகாப்புப் பகுதி’கள் ஆறையும் காக்க 34,000 வீரர்கள் தேவை என்றார்கள் படை அதிகாரிகள். பாதுகாப்பு அவை 7,600 பேருக்கு ஒப்புதல் தந்தது. விமானத் தாக்குதல் நடத்த ஐ.நா., நேட்டோ என இரண்டு சாவிகளும் சேர்ந்து திரும்ப வேண்டும் என்று விதி. டச்சுத் தளபதி விமான உதவி கேட்டார். கோரிக்கை மேசை மேசையாக ஏறி இறங்கியது. ஜூலை 11 பிற்பகலில் ஒருவழியாக விமானங்கள் வந்து குண்டு போட்டபோது, பிணைபிடித்து வைத்திருந்த டச்சு வீரர்களைக் கொல்வோம் என்று செர்பியத் தரப்பு மிரட்டியது. தாக்குதலை நிறுத்துங்கள் என்று நெதர்லாந்தின் பாதுகாப்பு அமைச்சரே ஐ.நா. பிரதிநிதியைக் கேட்டுக்கொண்டார். தன் நாட்டுப் பிள்ளைகளின் உயிரை நினைத்து ஓர் அமைச்சர் அப்படிக் கேட்டதைப் புரிந்துகொள்ள முடிகிறது. முகாமுக்கு வெளியே நின்ற ஆயிரக்கணக்கான பெண்களுக்காகத் தொலைபேசியை எடுக்க மட்டும் எந்தத் தலைநகரத்திலும் ஆள் இல்லை.

இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, அதே ஜூலை மாதத்தில், தென்சூடானின் தலைநகர் ஜூபா. 2016 ஜூலை 8 முதல் 11 வரை அதிபர் சல்வா கீரின் படையும் துணை அதிபர் ரியக் மச்சாரின் படையும் நகரத்துக்குள் மோதிக்கொண்டன. ‘ஐ.நா. இல்லம்’ எனப்படும் வளாகத்தையும் அதை ஒட்டிய அகதி முகாம்களையும் சீனா, எத்தியோப்பியா, நேபாளம், இந்தியா ஆகிய நான்கு நாட்டுப் படைப்பிரிவுகள் காத்துக்கொண்டிருந்தன. 1,800க்கும் மேற்பட்ட காலாட்படையினர். பிறகு நடந்த ஐ.நா. விசாரணைக்கு டச்சு இராணுவத்தின் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் பேட்ரிக் கேமர்ட் தலைமை தாங்கினார். நான்கு படைகளும் ஒரே கட்டளையின் கீழ் இயங்கவே இல்லை, ஒன்றுக்கொன்று முரணான உத்தரவுகள் போயின, இருந்த படையைக்கூடச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று அவர் அறிக்கை சொன்னது. சீனப் படையினர் சில காவல் நிலைகளைக் குறைந்தது இரண்டு முறை கைவிட்டுப் போயிருந்தார்கள். அதே நாட்களில் சீன வீரர்கள் இருவர் தாக்குதலில் உயிரிழந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜூலை 11 அன்று, ஐ.நா. இல்லத்திலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்த டெரெய்ன் என்ற விடுதிக்குள் அரசுப் படையினர் புகுந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பலர் உதவிப் பணியாளர்கள். பெண்கள் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார்கள். ஒரு பத்திரிகையாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். உள்ளே இருந்தவர்கள் ஐ.நா.வைத் தொடர்ந்து அழைத்துக்கொண்டே இருந்தார்கள். உதவிக்குப் போகச் சொல்லி ஒவ்வொரு படைப்பிரிவையும் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் ஏற்கெனவே வேறு பணியில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றும் மறுத்தது. யாரும் போகவில்லை. நான்கு படைகளுக்கும் நான்கு காரணங்கள் இருந்திருக்கும். தனித்தனியே வாசித்தால் ஒவ்வொன்றும் நியாயமாகக்கூடத் தெரியலாம்.

முகாமில் தஞ்சமடைந்திருந்த தென்சூடான் பெண்களின் கதை இதைவிட நீளமானது. உலகப் பத்திரிகைகளில் இதைவிடக் குறைவாக இடம் பிடித்தது. மாவு தீர்ந்தது, விறகு தீர்ந்தது. அவர்கள் வாசலைத் தாண்டி வெளியே போக வேண்டியிருந்தது. சாலையில் சிப்பாய்கள் காத்திருந்தார்கள். ஜூலை 8 முதல் 25 வரை ஜூபாவில் குறைந்தது 217 பாலியல் வன்முறைச் சம்பவங்கள் பதிவானதாக ஐ.நா. மனித உரிமை ஆணையர் அறிவித்தார். இவ்வளவு நடந்த பிறகு, செப்டம்பர் 2 அன்று ஐ.நா. இல்லத்தின் வாசலருகே ஒரு பெண் தாக்கப்பட்டாள். அவள் அலறல் காவலில் இருந்த வீரர்களுக்குக் கேட்டது என்றும், அவர்கள் அசையவில்லை என்றும் கேமர்ட் அறிக்கை பதிவு செய்கிறது.

அந்த அலறல் எந்த மொழியில் இருந்தது என்று நான் யோசித்ததுண்டு. பன்னாட்டுப் படைகளின் சிக்கல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மொழிச் சிக்கலை முதலில் சொல்வார்கள். பணிமொழி ஆங்கிலம், படைவீரர்களில் பலருக்கு அது வராது, மக்களின் மொழியோ யாருக்கும் தெரியாது, மொழிபெயர்ப்பாளர்கள் போதாது. எல்லாம் உண்மை. ஆனால் அலறலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அந்த வாசலில் இல்லாமல் போனது வேறொன்று. ‘இது என் வேலை’ என்று தனக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரே ஒரு ஆள். தெருவில் ஒரு குழந்தை பேருந்துக்கு முன்னால் ஓடினால், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டா கையைப் பிடித்து இழுக்கிறோம்? அருகில் நிற்பவருக்கு முழுப் பொறுப்பு. அங்கே பத்துப் பேர் நின்றால் ஆளுக்குப் பத்து சதவீதமாக அது குறைவதில்லை. பத்துப் பேருக்கும் நூறு சதவீதம்.

பெண்ணியத்துக்கு இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. அது ‘பெண்கள் இயல்பிலேயே கருணை மிக்கவர்கள்’ என்ற சலித்துப்போன வாக்கியம் இல்லை. உலகம் பொறுப்பை இரண்டு விதமாக அளக்கிறது. நிறுவனத்தின் பொறுப்பைப் பின்னத்தில் அளக்கிறது. பெண்ணின் பொறுப்பை முழு எண்ணில் அளக்கிறது. காய்ச்சலில் குழந்தை இறந்தால் ‘அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்’ என்று ஊர் கேட்கும். மருந்தில்லாத ஆரம்ப சுகாதார நிலையம், சாலை இல்லாத கிராமம், குடித்துவிட்டுக் கிடந்த தகப்பன் என்று யாரும் சதவீதம் பிரித்து அவள் பாரத்தைக் குறைப்பதில்லை. சூடானின் டார்ஃபூர் முகாம்களில் குடும்பங்கள் போட்ட ஒரு கணக்கைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். விறகுக்கு ஆண்கள் போனால் கொல்லப்படுவார்கள்; பெண்கள் போனால் வன்புணரப்படுவார்கள்; எனவே பெண்கள் போனார்கள். பல நாட்டுப் படைகள் இருந்த இடத்தில், அந்த இரவு அடுப்பு எரிய வேண்டிய பொறுப்பு மட்டும் பிரிபடாமல் ஒருத்தியின் தலைச்சுமையில் இருந்தது.

பொறுப்பு கரைந்துபோவதற்கு ஹைட்டியின் தண்ணீரைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 2010 அக்டோபரில் அங்கே காலரா பரவியது. மிர்பாலே நகருக்கு அருகே இருந்த ஐ.நா. முகாமின் கழிவு, ஓடை வழியாக அர்ட்டிபோனிட் ஆற்றில் கலந்திருந்தது. முகாமில் இருந்தவர்கள் நேபாளத்திலிருந்து வந்த வீரர்கள். கழிவை அகற்றும் வேலை தனியார் ஒப்பந்தக்காரருடையது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். ஆற்றில் தண்ணீர் மொண்டதும், துணி துவைத்ததும், வாந்தியெடுத்தவர்களை மடியில் கிடத்தியதும் பெரும்பாலும் பெண்கள். ஐ.நா. நியமித்த வல்லுநர் குழு 2011இல் ஆராய்ந்து, பல சூழ்நிலைகள் ஒன்றுகூடியதால் நேர்ந்தது இது, எந்தத் தனிநபரின், எந்தக் குழுவின் தவறுமில்லை என்ற முடிவுக்கு வந்தது. பத்தாயிரம் பிணங்கள், தவறு செய்தவர் எவருமில்லை. வழக்குப் போட்டவர்களுக்கு அமெரிக்க நீதிமன்றம் சட்டவிலக்கைக் காட்டியது. 2016 டிசம்பரில், பதவியிலிருந்து இறங்கும் தருவாயில், ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார்.

அதே ஹைட்டியில் தமிழ்ப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு அத்தியாயம் உண்டு. 2004 முதல் இலங்கை இராணுவத்தின் ஒரு படைப்பிரிவு அங்கே அமைதிகாப்புப் பணியில் இருந்தது. சிறுமிகளையும் பெண்களையும் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2007 நவம்பரில் அந்தப் படையைச் சேர்ந்த 100க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உணவுக்காகவும் சில்லறைக் காசுக்காகவும் குழந்தைகள் சுரண்டப்பட்டதை ஐ.நா.வின் உள்விசாரணையே பதிவு செய்திருந்தது. அவர்களில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2017இல் வெளிக்கொண்டு வந்தது. திருப்பி அனுப்பியதோடு ஐ.நா.வின் பங்கு முடிந்தது. விசாரிக்கும் பங்கு இலங்கையுடையது. ஹைட்டியின் குழந்தைகளோ இரண்டுக்கும் நடுவே. திரும்பி வந்த அந்த இராணுவத்தின் முன்னால்தான் 2009இல் வன்னியின் பெண்கள் நின்றார்கள். ஓரிடத்தில் தண்டனையின்றி விடப்படுவது வேறோர் இடத்தில் அனுமதியாக மாறுகிறது.

‘எல்லாப் படைகளையும் ஒரே கட்டளையின் கீழ் கொண்டுவந்தால் போதுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. ஜூபாவை வாசித்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் ‘அமைதிப்படை’ என்ற சொல்லுக்குத் தமிழில் 1987 முதல் 1990 வரையிலான ஒரு பொருள் இருக்கிறது. ஈழத்துக்குப் போன இந்தியப் படை ஐ.நா.வுடையது அல்ல. பல நாட்டுக் கலவையும் அல்ல. ஒரே நாடு, ஒரே கட்டளை. யாழ்ப்பாண மருத்துவமனையில் 1987 அக்டோபரில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டதற்கும், பெண்கள்மீது நிகழ்ந்த வன்முறைகளுக்கும் அந்த ஒரே கட்டளை என்ன பதில் சொன்னது? பொறுப்பை ஏற்க மனமில்லாத இடத்தில் ஒருமையும் ஒளிந்துகொள்ளும், பன்மையும் ஒளிந்துகொள்ளும். பன்மைக்கு ஒளிந்துகொள்ள அறைகள் அதிகம். அவ்வளவுதான் வேறுபாடு.

இங்கே வீரர்கள் பக்கத்தையும் பார்க்காமல் போனால் நானும் ஒரு பின்னத்தைத்தான் பேசியவளாவேன். அமைதிகாப்புச் செலவில் பெரும்பங்கைக் கொடுப்பவை அமெரிக்கா, சீனா, ஜப்பான், ஜெர்மனி போன்ற பணக்கார நாடுகள். ஆட்களை அதிகம் அனுப்புபவை வங்கதேசம், நேபாளம், இந்தியா, ருவாண்டா, எத்தியோப்பியா, பாகிஸ்தான். 2018 கணக்குப்படி ஒரு வீரனுக்கு மாதம் 1,428 டாலர் வீதம் அவனை அனுப்பிய அரசுக்கு ஐ.நா. தந்தது. ஒரு நாடு பணம் தருகிறது, இன்னொரு நாடு உடல் தருகிறது, மூன்றாவதொரு நாட்டில் அந்த உடல் விழுகிறது. நேபாள மலைக்கிராமத்திலோ பங்களாதேஷின் ஆற்றுத்தீவிலோ ஒரு தாய் தன் மகனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாள். அவன் தெரியாத மொழி பேசும் ஒருத்திக்காக ஏன் சாக வேண்டும் என்று அவள் கேட்டால், அந்தக் கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கான விடையை அவனை அனுப்பும் முன்பே அவன் அரசு சொல்லியிருக்க வேண்டும். சாகத் தயாரில்லாத படையை ‘பாதுகாப்பு’ என்ற பெயர்ப்பலகை மாட்டி நிறுத்துவது, அந்தப் பெயரை நம்பி ஓடிவந்தவளைக் கொலைக்களத்துக்கு அழைத்துவருவதற்குச் சமம். ஸ்ரெப்ரெனிட்சாவின் பெண்கள் அந்தப் பலகையை நம்பித்தான் முகாமை நோக்கி நடந்தார்கள்.

ருவாண்டாவில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளும் கிடைத்தன. 1994 ஏப்ரல் 7 அன்று பெல்ஜியத்தின் வீரர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 11 அன்று கிகாலியின் தொழிற்கல்விப் பள்ளியில் தங்களை நம்பியிருந்த ஏறத்தாழ 2,000 பேரை விட்டுவிட்டு பெல்ஜிய வீரர்கள் வாகனமேறினார்கள். அன்றே படுகொலை தொடங்கியது. பாதுகாப்பு அவை பத்து நாளில் மொத்தப் படையையும் 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. ஆனால் கானா நாட்டுப் படையின் ஒரு பகுதி போகாமல் நின்றது. செனகல் நாட்டைச் சேர்ந்த கேப்டன் ம்பாயே டியான், ஆயுதம் ஏந்தாத பார்வையாளர், உத்தரவை மீறி சோதனைச்சாவடி சோதனைச்சாவடியாகப் பேசியும் சிரித்தும் வாதாடியும் நூற்றுக்கணக்கானவர்களைத் தன் வாகனத்தில் சிறுசிறு குழுக்களாக ஏற்றிக் காப்பாற்றினார். மே 31 அன்று எறிகுண்டு வெடித்து இறந்தார். அவரை வீரர் என்று போற்றுவது எளிது; அவர் பெயரில் ஐ.நா. 2014இல் ஒரு பதக்கமும் ஏற்படுத்தியது. ஆனால் அவர் செய்ததைத் தத்துவத்தின் மொழியில் சொன்னால் மிக எளியது: தன் பங்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

பதக்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெருமை ஒருபோதும் சதவீதமாகப் பிரிவதில்லை. ஐ.நா. பதக்கம் ஒவ்வொரு வீரனுக்கும் முழுசாகவே கிடைக்கிறது. ஸ்ரெப்ரெனிட்சாவில் இருந்த டச்சு வீரர்களுக்கு 2006 டிசம்பரில் அவர்கள் அரசு ஒரு சிறப்புச் சின்னம் அணிவித்தது. 2022 ஜூன் 18 அன்று பிரதமர் மார்க் ருட்டே அவர்களிடம், போதிய உதவியின்றி அனுப்பியதற்காக, மன்னிப்புக் கேட்டார். அவர்களும் கைவிடப்பட்டவர்களே, அந்த மன்னிப்பு நியாயமானது. ஆனால் இறந்தவர்களின் உறவினர்களிடம் நெதர்லாந்து அரசின் சார்பில் பாதுகாப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்டது அதன் பிறகுதான், ஜூலை 11 அன்று. இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்த பெண்கள் வரிசையில் இரண்டாவதாக நின்றார்கள்.

வகுப்பில் இதைப் பேசும்போது மாணவிகள் கேட்பதுண்டு: ‘பெண் வீரர்களை அதிகம் அனுப்பினால் மாறாதா, அம்மா?’ பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் 2000 அக்டோபரில் வந்தது. பெண்களை அமைதிப் பணிகளில் சேர்க்கச் சொன்னது. 2007இல் இந்தியா லைபீரியாவுக்கு முழுக்கப் பெண்களே கொண்ட ஒரு காவல் படைப்பிரிவை அனுப்பியது. ஐ.நா. வரலாற்றில் அதுவே முதல். அவர்களைப் பார்த்து லைபீரியப் பெண்கள் காவல்துறையில் சேர முன்வந்தார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் 2020இலும் ஐ.நா. படைப்பிரிவுகளில் பெண்கள் 4.8 சதவீதம்தான். அந்த 4.8 சதவீதத்தின் தோளில் மீதி 95 சதவீதத்தின் ஒழுக்கத்தையும் ஏற்றிவைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. அது மறுபடியும் அதே பழைய அளவுகோல். பெண் வந்துவிட்டாள், இனி அவள் பார்த்துக்கொள்வாள். பெண்கள் போகட்டும், போவது அவர்கள் உரிமை. ஆண்களின் பொறுப்பைத் துடைத்து வைக்கும் வேலைக்காரிகளாகப் போக வேண்டாம்.

அப்படியானால் கேட்க வேண்டியது என்ன? முதலாவது, மறைவான நிபந்தனைகள் ஒழிய வேண்டும். ஒரு படைப்பிரிவு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது தளபதிக்கு மட்டுமின்றி, அந்த வேலிக்குப் பின்னால் தங்கும் பெண்களுக்கும் அவர்கள் மொழியில் தெரிய வேண்டும். நம்பலாமா கூடாதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். இரண்டாவது, விசாரணை பாதிக்கப்பட்டவளின் ஊரில் நடக்க வேண்டும். 2012இல் பாகிஸ்தான் தன் இராணுவ நீதிமன்றத்தை ஹைட்டிக்கே கொண்டுபோய், ஒரு சிறுவனை வன்புணர்ந்த இருவருக்குத் தண்டனை விதித்தது. ஓராண்டுத் தண்டனை மிகக் குறைவு என்று கோபப்படலாம், கோபப்படவும் வேண்டும். ஆனால் அங்கேயே செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. மூன்றாவது, தவறிய படைப்பிரிவைத் திருப்பி அனுப்புவது தண்டனையின் முடிவாக இருக்கக் கூடாது. அது தொடக்கம்.

ஜூபாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் நாடுகள் எதில் ஒத்துழைக்கின்றன என்பது விளங்கும். கேமர்ட் அறிக்கை வந்ததும் பான் கி மூன் கென்யாவைச் சேர்ந்த படைத் தளபதியை நீக்கினார். எங்கள் ஆளை மட்டும் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்று கென்யா சினந்து, மறுநாளே தன் வீரர்களைத் தென்சூடானிலிருந்து திரும்ப அழைப்பதாக அறிவித்தது. கென்யாவின் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. மூன்று வாரமே பதவியில் இருந்தவர் அல்லது மூன்று ஆண்டு இருந்தவர் என்பதல்ல விஷயம், தவறு அவர் ஒருவரோடு முடிந்துவிடவில்லை. ஆனால் ‘எங்கள் பொறுப்பு இவ்வளவு, மற்றவர்களுடையது அவ்வளவு’ என்ற சண்டையில் எல்லா நாடுகளும் ஒரே மொழி பேசின. மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அங்கே ஒத்துழைப்பில் குறையே இல்லை.

பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது என்றால் என்ன என்பதைப் பெண்கள் அன்றாடம் செய்து காட்டுகிறார்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரு பிரசவம் பார்க்கும்போது, ஒருத்தி வெந்நீரோடும் ஒருத்தி துணியோடும் நிற்கலாம். வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்தத் தாயின் உயிர் மூவருக்கும் முழுசாக இருக்கிறது. வேலை பிரிபடும், பொறுப்பு பிரிபடாது. இந்த வேறுபாட்டை ஒப்பந்தங்களில் எழுதாதவரை, பல நாட்டுக் கொடிகள் பறக்கும் எந்த முகாமின் வாசலிலும், உள்ளே போகலாமா என்று ஒருத்தி தயங்கி நிற்பது அவளுடைய அறியாமை ஆகாது. அது அவள் பட்டுத் தெரிந்துகொண்ட அறிவு.